போகாமல் இருக்கக் கூலி

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தால் சொல்லுங்கள்.

போகிறேன், போகிறேன் என்பார், போகமாட்டார். போகாமல் இருந்ததற்குக் கூலி கேட்பார். யார் அவர்?

வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் விருந்தாளி கூலி கேட்கமாட்டார். இன்னொரு காப்பிதான் கேட்பார். சரியான விடை கரும்பாறைக் காட்டில் இருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

கரும்பாறைக் காட்டின் நடுவே ஒரு காட்டாறு உண்டு. மழைக்காலத்தில் அது பெரிய சத்தத்தோடு ஓடும். கோடை வந்துவிட்டால் வெறும் மணல்தான். தண்ணீர் மணலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தோண்டினால்தான் ஊறும்.

தோண்டத் தெரிந்தவர்கள் அந்தக் காட்டில் இரண்டே பேர்.

ஒருவர் கேழலார் என்ற காட்டுப்பன்றி. பெரிய உடம்பு, பலமான மூக்கு. அவர் பாறையடியில் ஆழமாகத் தோண்டுவார். ஊறிய தண்ணீரில் நன்றாகப் புரண்டு, உடம்பெல்லாம் சேறு பூசிக்கொள்வார். அவர் எழுந்து போனதும் தண்ணீர் தெளியும். மற்ற விலங்குகள் வந்து குடிக்கும்.

இன்னொருத்தி முள்ளி என்ற முள்ளம்பன்றி. அவள் ஆற்று வளைவில் சின்ன ஊற்று ஒன்று தோண்டுவாள். முயலுக்கும் குருவிகளுக்கும் அது போதும்.

அந்தக் காட்டில் பொதுச் சொத்து ஒன்றும் இருந்தது. வயதான இலுப்பை மரத்தில் ஒரு பெரிய பொந்து. கிழங்கும் இலுப்பைப் பூவும் நிறையக் கிடைக்கும் காலத்தில், ஒவ்வொருவரும் தங்களால் முடிந்ததை அதில் போட்டுவைப்பார்கள். நொண்டி, நோயாளி, குட்டி போட்ட தாய் என்று இரை தேடப் போக முடியாதவர்கள் கோடையில் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பொந்துக்குக் காவல் உடும்பார். அவருக்குக் கிழங்கும் பிடிக்காது, பூவும் பிடிக்காது. அதனால்தான் அவரைக் காவலுக்கு வைத்தார்கள்.

பொந்தைத் திறப்பதென்றால் கூட்டம் போட வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு.

பொந்தில் எதுவும் போடாதவர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது. இது ஒரு வழக்கம்.

வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சமமாக இருந்தால், காட்டில் நடக்கத் தெரிந்த குட்டிகளில் கடைசியாகப் பிறந்தது எதுவோ, அதுதான் முடிவு சொல்லும். எடுத்த முடிவோடு நெடுங்காலம் வாழப்போவது அதுதானே! முடிவு சொல்வதற்கு முன் அந்தக் குட்டி யாரிடம் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கேட்கப்பட்டவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். இது இன்னொரு வழக்கம்.

இனி கதைக்கு வருவோம்.

ஒரு வருடம் மழை பொய்த்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் மிகவும் ஆழத்துக்குப் போய்விட்டது. தோண்டத் தோண்டக் கல்தான் வந்தது. கேழலாரின் தந்தம் ஒன்று பாறையில் மோதிப் பாதியாக உடைந்தது. வாய் வீங்கி, கிழங்கு தோண்டித் தின்ன முடியாமல் சுருண்டு படுத்துவிட்டார்.

"ஐயோ, பாவம்! அவருக்குப் பொந்திலிருந்து கொடுப்போம். உடம்பு தேறினால்தானே தோண்டுவார்? அவர் தோண்டினால்தானே நமக்கும் தண்ணீர்?" என்றாள் சருகி. சருகி ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கேழலார் தின்றார், தேறினார், தோண்டினார். காடு முழுவதும் குடித்தது. நல்ல காரியம்தான். ஆனால் எதுவரை கொடுப்பது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் கேழலார் நன்றாகத்தான் இருந்தார். வயிறு உருண்டு திரண்டிருந்தது. இருந்தும் கூட்டத்துக்கு வந்தார். கூடவே நரியும் வந்தது. கேழலார் புரண்ட சேற்றில் நண்டு நிறையக் கிடைக்கும். அதனால் நரிக்கு அவர்மேல் தனிப் பாசம்.

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "கேழலார் கூச்சப்படுகிறார். அதனால் நான் சொல்கிறேன். மொட்டைமலைக்கு அந்தப் பக்கம் மேற்குக் காடு இருக்கிறதே, அங்கேயிருந்து அவரைக் கூப்பிடுகிறார்கள். வந்தால் கிழங்கு மலைபோல் குவிக்கிறோம் என்கிறார்கள். இவருக்குப் போக மனமில்லை. ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!"

கேழலார் போய்விட்டால் தண்ணீர்?

"போகாதீர்கள், கேழலாரே!" என்று முயல் கத்தியது. மற்றவர்களும் கத்தினார்கள். பொந்து திறந்தது. கிழங்கு போனது.

முள்ளி மட்டும் முணுமுணுத்தாள். "நானும்தான் தோண்டுகிறேன். நான் பசியோடு தோண்டுகிறேன். அவர் நான் போட்ட கிழங்கையே தின்றுவிட்டுத் தோண்டுகிறார். நன்றாக இருக்கிறது நியாயம்!"

அவள் பேச்சு யார் காதிலும் விழவில்லை. காலியான பொந்தை நிரப்ப, கோடையிலும் ஆளுக்கு ஒரு பங்கு கிழங்கு போட வேண்டும் என்றாகிவிட்டது. அதைத் தேடி முள்ளி தூரமெல்லாம் அலைய வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் அவளுக்கு ஊற்றுத் தோண்ட நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. வளைவில் இருந்த ஊற்று தூர்ந்துபோனது. காட்டில் ஒரே ஊற்று. அதுவும் கேழலாருடையது.

மூன்றாவது கோடை வந்தது.

ஒரு நாள் அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன், உருண்டைப் பாறையைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். கேழலார் சாவகாசமாக நடந்து வந்தார். பின்னால் அவருடைய குட்டிகள் வரிசையாக வந்தன.

"இந்த முறை என்ன கேட்கிறார்?" என்றார் உடும்பார்.

"அதிகம் இல்லை. பொந்தில் இருக்கிற கிழங்கு முழுவதும். காய்ந்த இலுப்பைப் பூவில் பாதி. அவ்வளவுதான்!" என்றது நரி.

"அவ்வளவுதானா? பொந்தையும் பெயர்த்துக்கொடுத்துவிடலாமே!" என்றாள் முள்ளி.

நரி அவளைக் கண்டுகொள்ளவில்லை. "மேற்குக் காட்டில் இதைவிட அதிகம் தருகிறார்கள். சேற்றில் புரள நாவல் மர நிழலும் தருகிறார்களாம். கேழலார் நாளைக்கே மலை ஏறத் தயார்."

எல்லோரும் சருகியைப் பார்த்தார்கள். காரணம் இருந்தது. சருகிக்கு நிறைமாதம். இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போடும் நிலைமை. அவளால் தூரம் நடக்க முடியாது. பாறையடி ஊற்றுத் தண்ணீரும் பொந்தில் இருக்கும் இலுப்பைப் பூவும்தான் அவளுக்கு உயிர்.

"உடும்பார் அவர்களே, பூவில் பாதி போனால் மீதி எனக்குப் போதுமா?" என்று சருகி மெதுவாகக் கேட்டாள்.

உடும்பார் பொய் சொல்லிப் பழகாதவர். "உனக்குப் போதும். ஆனால் குட்டிக்குப் பால் ஊறும் அளவுக்குப் போதாது."

சருகி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பசியை நான்கு நாள் பொறுக்கலாம். தாகத்தைப் பொறுக்க முடியாது. அவருக்குக் கொடுத்துவிடுங்கள்."

"பார்த்தீர்களா? கஷ்டப்படுகிறவளே சொல்லிவிட்டாள்! என் தங்கச்சி என்றால் தங்கச்சிதான்!" என்று நரி குதித்தது.

"உன் தங்கச்சியா? போன மாதம் அவளைத் துரத்திக்கொண்டு ஓடினாயே, அது அண்ணன் பாசமா?" என்றாள் முள்ளி.

கூட்டம் சிரித்தது. நரியும் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டியது.

முள்ளி பாறைமேல் ஏறினாள். "நான் சொல்வதைக் கேளுங்கள். அவர் அடிபட்டுக் கிடந்தபோது கொடுத்தோம். சரி. இப்போது அவருக்கு என்ன குறை? என்னைவிட நான்கு மடங்கு இருக்கிறார். அவருக்குக் கொடுக்கக் கொடுக்க நம் பொந்து காலியாகிறது. அது மட்டுமா? அவருக்குக் கொடுப்பதற்காக நான் கிழங்கு தேடி அலைந்து, என் ஊற்று போய்விட்டது. இரண்டு ஊற்று இருந்த ஆற்றில் இப்போது ஒன்றுதான். ஒன்றுதான் இருக்கிறது என்பதால் இன்னும் கேட்கிறார்!"

"பொறாமை!" என்றது நரி.

"பொறாமைதான். பொறாமைப்படுகிறவர் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா?"

முயல் நடுவில் புகுந்தது. "முள்ளியக்கா, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். அவர் நிஜமாகவே மலை ஏறிவிட்டால் நாளைக்குக் காலையில் நான் எதைக் குடிப்பேன்?"

"நான் வளைவில் மறுபடி தோண்டுகிறேன். ஆனால் இந்தக் கோடைக்கு என்னிடம் பொந்துக்கான கிழங்கைக் கேட்காதீர்கள்" என்றாள் முள்ளி.

"அதுவும் சலுகைதானே!" என்று நரி பாய்ந்தது. "அவர் கேட்டால் தப்பு, நீ கேட்டால் சரியா?"

எல்லோரும் உடும்பாரைப் பார்த்தார்கள். உடும்பார் தலையை ஆட்டினார். "நரி சொல்வது உண்மை. அதுவும் சலுகைதான். உங்கள் இருவருக்கும் ஒரே கேள்விதான். முள்ளி, உனக்கு எதற்கு? எதுவரை?"

"வளைவில் தண்ணீர் ஊறுவதற்கு. ஆற்றில் புது வெள்ளம் வருகிற அன்று வரை. மறுநாள் என் பங்கைக் கொண்டுவந்து போடுகிறேன். தண்ணீர் ஊறாவிட்டால் அடுத்த நாளே போடுகிறேன்."

"கேழலாரே, உங்களுக்கு எதுவரை?"

கேழலார் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நான் இங்கே இருக்கும் வரை" என்றார்.

நன்றாக வெயில் ஏறிவிட்டது. கல் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார்கள். அந்தக் காட்டில் முன்பெல்லாம் இலை போடுவதுதான் பழக்கம். முயல் ஒருமுறை மற்றவர்கள் போட்ட இலைகளையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அதிலிருந்து கல்தான். கேழலார் கேட்டதைக் கொடுக்கலாம் என்றால் வெள்ளைக் கல். கூடாது என்றால் கறுப்புக் கல். தனக்கே கேட்பவர் கல் போடக் கூடாது. அதனால் கேழலார் ஒதுங்கி நின்றார்.

ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். சருகி வெள்ளைக் கல்லைப் போட்டாள். முயல் நெடுநேரம் யோசித்துவிட்டு வெள்ளைக் கல்லைப் போட்டது. முள்ளி கறுப்புக் கல்லைத் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு வந்தாள்.

உடும்பார் இரண்டு குவியலையும் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"சமம்" என்றார். "கடைசிக் குட்டி யார்?"

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். பிறகு எல்லோருடைய பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. கேழலாரின் கடைசிக் குட்டி. முதுகில் மஞ்சள் வரிகள். காது இன்னும் சரியாக நிமிரவில்லை. வரிக்குட்டி என்று கூப்பிடுவார்கள்.

முள்ளி தலையில் கை வைத்துக்கொண்டாள். "முடிந்தது!"

நரி வாலைச் சுழற்றியது. "வழக்கம் வழக்கம்தான்! வா கண்ணு, வா. வெள்ளைக் கல் அதோ இருக்கிறது. மூக்கால் தள்ளினால் போதும்!"

வரிக்குட்டி பாறைக்கு முன்னால் வந்து நின்றது. கல்லைப் பார்க்கவில்லை. அதன் மனதில் வேறொரு கவலை இருந்தது.

"நான் கேள்வி கேட்கலாமா?" என்றது.

"கேள். யாரிடம் வேண்டுமானாலும் கேள்" என்றார் உடும்பார்.

"நாங்கள் மேற்குக் காட்டுக்குப் போனால், அங்கே புரளச் சேறு இருக்குமா? அங்கே போய்வந்தவர் யார்?"

மொட்டைமலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கோடையில் அதைத் தாண்டி நடந்து போனவர்கள் அந்தக் காட்டில் ஒருவரும் இல்லை.

பட்ட கிளை ஒன்றில் கழுத்தை ஒடுக்கி உட்கார்ந்திருந்தது ஒரு மடையான். குட்டையோரத்தில் தவளைக்காகக் காத்து நிற்குமே, அந்தக் கொக்குதான். அதற்கு எந்தக் காடும் சொந்தமில்லை. எங்கே கொஞ்சம் ஈரம் இருக்கிறதோ அங்கே பறந்துபோய் உட்காரும். பொந்தில் போட அதனிடம் எதுவும் இல்லை. அதனால் எந்தக் கூட்டத்திலும் அது பேசியதில்லை. யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

வரிக்குட்டி நிமிர்ந்து பார்த்தது. "மடையான் மாமா, உங்களுக்குத்தான் இறக்கை இருக்கிறதே. நீங்கள் போயிருக்கிறீர்களா?"

"நேற்றுக்கூடப் போனேன்" என்றது மடையான்.

"பொந்தில் ஒன்றும் போடாதது பேசக் கூடாது!" என்று நரி அலறியது.

"அது பேசவில்லை. பதில் சொல்கிறது" என்றார் உடும்பார்.

"அங்கே சேறு இருக்கிறதா, மாமா?"

"இருக்கிறது. நல்ல சேறு. ஆனால் அதில் ஒருவர் படுத்திருக்கிறார்."

"யார்?"

"உன் பெரியப்பா."

"அப்பா அடிக்கடி சொல்வாரே, அந்தக் காது கிழிந்த பெரியப்பாவா?"

"அவரேதான். அவரும் அங்கே ஊற்றுத் தோண்டுகிறார். நேற்று அங்கேயும் கூட்டம் நடந்தது. 'கிழக்குக் காட்டில் என்னைக் கூப்பிடுகிறார்கள். கிழங்கு மலைபோல் குவிக்கிறார்களாம். கொடுக்காவிட்டால் போய்விடுவேன்' என்றார். அவர்களும் பாவம், பயந்துபோய்க் கொடுத்துவிட்டார்கள்."

"கிழக்குக் காடா? அது எங்கே இருக்கிறது?" என்றது வரிக்குட்டி.

"நீ நின்றுகொண்டிருக்கிறாயே, இதுதான்."

எல்லோரும் கேழலாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கேழலார் தன்னையும் மறந்து கேட்டுவிட்டார்: "அண்ணன் இந்த வருடமுமா அதைச் சொல்கிறார்?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்தது. நரி இரண்டு அடி நகர்ந்து வேறு பக்கம் பார்த்து நின்றது, அவரைத் தெரியவே தெரியாது என்பதுபோல.

உடும்பார் கேட்டார்: "மேற்குக் காட்டில் இருக்கும் அந்த அண்ணனை நாம் கூப்பிட்டோமா?"

"யாருமே கூப்பிடவில்லையே!" என்றது முயல்.

"அவர்களும் யாரையும் கூப்பிடவில்லை" என்றது மடையான். "என்னைக் கேட்டிருந்தால் போன வருடமே சொல்லியிருப்பேன்."

கேழலார் மூக்கால் மண்ணைக் கீறினார். "நான் தோண்டினேனா இல்லையா? நீங்கள் குடித்தீர்களா இல்லையா?"

"தோண்டினீர்கள். குடித்தோம். அதை மறக்கவில்லை" என்றாள் சருகி. அவள் சிரமப்பட்டு எழுந்து நின்றாள். "ஒன்றே ஒன்று சொல்லுங்கள், கேழலாரே. இந்த முறை பொந்திலிருந்து எதுவும் தராவிட்டால், ஊற்றுத் தோண்டமாட்டீர்களா?"

வரிக்குட்டி முந்திக்கொண்டு பதில் சொன்னது.

"தோண்டாமல் எப்படி இருப்பார்? சேறு பூசாவிட்டால் அப்பாவுக்கு முதுகு வெடித்துவிடுமே! ராத்திரி முழுக்கப் பாறையில் தேய்த்துக்கொண்டு எங்களைத் தூங்கவே விடமாட்டார்!"

முதலில் முயல் சிரித்தது. பிறகு முள்ளி சிரித்தாள். கேழலாரின் மற்ற குட்டிகளும் சிரித்தன. கேழலார் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"கல் இன்னும் பாக்கி இருக்கிறது" என்றார் உடும்பார். "வரிக்குட்டி, உன் அப்பா கேட்டதைக் கொடுக்கலாமா, கூடாதா? அவர் கேட்ட கிழங்கில் உனக்கும் பங்கு உண்டு. நன்றாக யோசித்துச் சொல்."

வரிக்குட்டி அப்பாவைப் பார்த்தது. சருகியின் பெரிய வயிற்றைப் பார்த்தது. நரி எங்கேயோ பார்த்தபடி, "வெள்ளை, வெள்ளை" என்று பல்லுக்குள் முனகியது.

விடுகதைக்கு விடை இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விழுந்தவனுக்குப் பொதுச் சொத்திலிருந்து கை கொடுப்பது நல்லது; எதற்கு, எதுவரை என்று கேட்காமல் கொடுத்தால் அந்த உதவி கப்பமாகிவிடும்.

வரிக்குட்டி கறுப்புக் கல்லைத் தள்ளியது.